ஷிஃப்ட் வேலையில் தினசரிப் பழக்கம் நிலைக்க என்ன வழி?

உட்லண்ட்ஸ்_ஷிஃப்ட் கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் எனக்கு 12 மணி நேர ஷிஃப்ட். இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு நான்கு நாள் ஓய்வு. மாறும் நேரம் காலை 7, இரவு 7. மூன்று பழக்கங்கள் வேண்டும்: தினமும் அரை மணி நடை, பத்துப் பக்கம் தமிழ் வாசிப்பு, இனிப்பான தே-யை (காப்பிக்கடைப் பால் தேநீர்) விடுவது. பகல் ஷிஃப்டில் ஓடுகிறது, இரவு ஷிஃப்ட் வந்ததும் அறுந்துபோகிறது. "காலை 5 மணிக்கு எழுந்திரு" வகை அறிவுரை எதுவும் இந்த ரோஸ்டருக்குப் பொருந்தவில்லை. 21 நாள் விடாமல் செய்தால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். ஒரே மாதிரியான 21 நாள் எங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. எப்படி அமைப்பது?

தெம்பனிஸ்_வாசகி:

அந்த 21 நாள் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. அறுவைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று அவர் கவனித்தார். தினசரிப் பழக்கத்தை அளந்து சொன்ன எண் இல்லை. அளந்து பார்த்தது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும். 2010இல் வெளியான ஆய்வு, 96 பேர், 12 வாரம். செயல் தானாக வரும் நிலையை எட்ட நடுவளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது: 18 நாளில் முடித்தவரும் உண்டு, 254 நாள் பிடிக்கும் என்று கணிக்கப்பட்டவரும் உண்டு. உங்களுக்கு வேண்டிய முடிவு இதுதான்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

அதில் பங்கெடுத்தவர்கள் "காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு" என்பது போல, தினமும் வரும் ஒரு தருணத்தோடு புதுச் செயலைச் சேர்த்துக்கொண்டார்கள். கடிகாரம் உங்களுக்கு உதவாது, தருணம் உதவும். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: பகல், இரவு, ஓய்வு. ஒவ்வொன்றிலும் நீங்கள் கட்டாயம் செய்யும் காரியங்களை வரிசையாக எழுதுங்கள். பல் துலக்குவது, குளிப்பது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, ஃபோனை சார்ஜில் போடுவது. மூன்று பத்தியிலும் வருவது எதுவோ அதில்தான் புதுப் பழக்கத்தை மாட்டவேண்டும். "வேலை முடிந்து வந்ததும்" என்று வைத்தால் நான்கு ஓய்வு நாளும் அந்தத் தருணமே வராது. இரவு ஷிஃப்டைக் குறை சொல்கிறீர்கள், ஆனால் பலருக்கு உண்மையில் அறுவது இந்த நான்கு நாளில்தான். உங்களுக்கு எப்படி என்று ஒரு சுற்று கவனித்துப் பாருங்கள்.

தருணத்துக்குத் தெளிவான முடிவு இருக்கவேண்டும். "சாப்பிட்ட பிறகு" போதாது, அது எப்போது முடிகிறது என்று உடம்புக்குத் தெரியாது. "தட்டைக் கழுவி வடிகூடையில் கவிழ்த்ததும்" என்றால் கை சும்மா இருக்கும் அந்த நொடி கிடைக்கிறது. வாசிப்புக்கு அதுவே நல்ல இடம். புத்தகம் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கட்டும். அறைக்குப் போய் எடுக்கவேண்டும் என்றால் வழியில் ஃபோன் கையில் ஏறிவிடும்.

அளவை மோசமான நாளை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது இரவு முடிந்து கண் சொருகும் நிலையில் பத்துப் பக்கம் முடியாது, ஒரு பக்கம் முடியும். ஆகவே கட்டாயம் ஒரு பக்கம், அதற்கு மேல் வந்தது வரட்டும். முதல் இரண்டு மாதம் அந்தக் கட்டாய அளவை ஏற்றாதீர்கள். நன்றாகப் போகிறதே என்று மூன்றாம் வாரத்தில் ஏற்றுவதுதான் பெரும்பாலும் கவிழ்க்கிறது.

ஜூரோங்_படிக்கட்டு:

அக்கா சொன்னது வாசிப்புக்குச் சரி. நடைக்கு ஒரே தருணம் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பகல் ஷிஃப்டுக்கு விடிவதற்கு முன்பே கிளம்பவேண்டியவர் எழுந்ததும் எங்கே நடப்பது? மூன்று வகை நாளுக்கும் மூன்று வாக்கியம் தனித்தனியாக எழுதுங்கள். "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே எழுதிவைப்பது வெறும் தீர்மானத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இலேயே விளக்கியிருக்கிறார்.

பகல்: வீட்டுக்கு வரும்போது காலணியைக் கழற்றுவதற்கு முன், புளோக்கைச் சுற்றிப் பத்து நிமிடம். உள்ளே போய் உட்கார்ந்தால் முடிந்தது கதை.

இரவு: தூங்கி எழுந்து பல் துலக்கியதும். ஷிஃப்ட் முடிந்த காலையில் நடக்காதீர்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் வரும், நீங்கள் வெளியே வரும் நேரமும் அதுவே. அந்த வெளிச்சத்தில் அரை மணி நடந்தால் உடம்பு "விடிந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளும், பகல் தூக்கம் கெடும். தொப்பி போட்டு நேரே வீட்டுக்குப் போங்கள். கறுப்புக் கண்ணாடியும் உதவும், ஆனால் மோட்டார்சைக்கிளோ காரோ ஓட்டுகிறவர்கள் அதைத் தவிர்க்கவேண்டும், தூக்கம் இன்னும் அழுத்தும்.

ஓய்வு: காலைச் சாப்பாட்டுக்கு முன், பூங்கா இணைப்புப் பாதையில் முழு அரை மணி.

நான்காவதாக மழை வாக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் மழை வாரக்கணக்கில் வரும், இரவு ஷிஃப்டுக்கு முன்னால் நடக்கிறவரை அதுதான் தடுக்கும். "மழை பெய்தால் படிக்கட்டு." நான்கு மாடி ஏறுங்கள், லிஃப்டில் இறங்குங்கள், திரும்ப ஏறுங்கள். படியில் இறங்கும்போதுதான் முட்டியில் சுமை கூடுகிறது, அதனால் இறங்குவதற்கு லிஃப்ட். வாரம் ஒரு மாடி கூட்டலாம். புகைமூட்டம் வந்து காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளி நடையை வேண்டாம் என்று வையுங்கள், படியேறுவதையும் சேர்த்து. வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகக் கால் மாற்றினால் போதும்.

தேக்கா_தே_ஓ:

தே பற்றி யாரும் சொல்லவில்லை. அது மற்ற இரண்டையும்போல இல்லை. நடையும் வாசிப்பும் புதிதாகச் சேர்ப்பது, தே ஏற்கெனவே வேரோடியது. பிரேக் மணி அடித்ததும் கால் காப்பிக்கடைப் பக்கம் தானாகத் திரும்பும். அதைத் தடுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். அதே பிரேக், அதே கடை, அதே கோப்பை. ஆர்டரை மட்டும் படிப்படியாக மாற்றுங்கள்.

சாதாரண தே-யில் கண்டென்ஸ்ட் பால், இனிப்பு அந்தப் பாலிலேயே இருக்கிறது. ஆகவே தே-யில் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் முழுதாக விடமுடியாது. முதலில் தே சி-க்கு மாறுங்கள். அதில் எவாப்பரேட்டட் பால், சர்க்கரை தனியாகப் போடுகிறார்கள். இரண்டு வாரம் அப்படி. பிறகு தே சி சியூ தாய், அதாவது சர்க்கரை குறைவாக, இன்னும் இரண்டு வாரம். பிறகு தே சி கோசோங், சர்க்கரையே இல்லாமல். முதல் நாளே கோசோங் கேட்டால் கசப்பு மட்டும்தான் தெரியும், மறுநாள் பழைய தே-க்கே திரும்பிவிடுவீர்கள். நாக்கு பழக அவகாசம் வேண்டும்.

கடை இல்லாத இரவில் பாட்டில் தேநீர் வாங்கினால் அதன் மேல் உள்ள நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள், ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் குறி அது. டி என்றால் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை, அல்லது நிறைவுற்ற கொழுப்பு அதிகம். பி வரை வாங்கலாம். இன்னொன்று, காஃபினில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலை ஒன்பதுக்குப் படுப்பவர் கடைசித் தே-யை விடிகாலை மூன்று மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

உட்லண்ட்ஸ்_ஷிஃப்ட்:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். மூன்றையும் சேர்த்தே தொடங்கலாமா? செயலியில் டிக் அடிக்கிறேன், நள்ளிரவு தாண்டினால் "தொடர் முறிந்தது" என்று காட்டுகிறது. இரவு ஷிஃப்டுக்கு என்ன செய்வது?

தெம்பனிஸ்_வாசகி:

வாசிப்பும் தே-யும் சேர்த்துத் தொடங்கலாம். ஒன்று வீட்டில், ஒன்று வேலையிடத்தில், ஒன்றையொன்று இடிக்காது. நடை ஆறு வாரம் கழித்து வரட்டும். அந்த லண்டன் ஆய்விலும் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் சீக்கிரம் ஒட்டின, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது.

செயலியைக் குறை சொல்லவேண்டாம், அது நாள்காட்டிப்படி ஓடுகிறது. ஹெல்தி 365 போன்ற செயலிகளை அடி எண்ணிக்கைக்கும் புள்ளிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தொடர்ச்சியை அதில் பார்க்காதீர்கள். உங்களுக்கு ஒரு நாள் என்பது எழுந்ததிலிருந்து அடுத்து நீண்ட தூக்கம் தூங்கும் வரை. மளிகைக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி வீட்டில் இருக்கும். அதில் நீங்கள் எழுந்த தேதியின் கட்டத்தில் குறியுங்கள். கட்டாய அளவு செய்தால் ஒரு சாய்கோடு, முழு அளவு செய்தால் பெருக்கல் குறி, விட்டால் காலி. ஒரு காலிக் கட்டம் பரவாயில்லை. இரண்டு சேர்ந்து வந்தால் அளவு பெரிது, அல்லது தருணம் தவறு. அந்த இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

ஜூரோங்_படிக்கட்டு:

எட்டு நாள் சுற்று முடியும் ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள், வாரக் கணக்கு வேண்டாம். எட்டில் ஆறு கட்டம் நிரம்பினால் அப்படியே தொடரலாம். வாசிப்புக்கு ஒரு சின்னக் கூடுதல்: நூலகப் புத்தகத்துக்கு 21 நாள் தவணை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றால் நாவல் முடியாது, சிறுகதைத் தொகுப்பு எடுங்கள். எங்கே நிறுத்தினாலும் இடையில் தொங்காது.