புதுப்பிப்பு: அம்மாவுக்கு நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட் கிடைத்தது
லண்டனில் நாங்கள் வேலைக்குப் போக, மகனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் அரசு பென்ஷனுக்கு அது கணக்கில் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். வரும், கிடைத்தும் விட்டது. நேஷனல் இன்சூரன்ஸ் என்பது அரசு பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் பங்களிப்பு; கிரெடிட் என்றால் அதைக் கட்டாமலேயே கணக்கில் சேரும் வருஷம். சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்காக அரசு தரும் உதவித்தொகை) என் பெயரில் இருக்கிறது, அதனுடன் ஒரு கிரெடிட்டும் வரும். வேலை செய்வதால் என் பென்ஷன் கணக்கில் அந்த வருஷம் சம்பளப் பிடித்தத்திலேயே நிரம்பிவிடுகிறது, மிஞ்சுகிற கிரெடிட்டை அம்மாவுக்கு மாற்ற சிஏ9176 படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம், அவ்வளவுதான். பிள்ளைக்கு 12 வயது ஆகியிருக்கக் கூடாது, பாட்டியும் பென்ஷன் வயதைத் தொட்டிருக்கக் கூடாது. வரி வருஷம் முடிந்து வரும் அக்டோபர் 31 தாண்டிய பிறகு விண்ணப்பியுங்கள். 2011 ஏப்ரல் வரை பின்னோக்கியும் கேட்கலாம், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒரு சைல்ட் பெனிஃபிட்டுக்கு ஒரு கிரெடிட்தான். யாருக்கு என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், எங்கள் வீட்டில் மாமியார் லேசாக முறைத்தார்.