புதுப்பிப்பு: குளியலறை ஓட்டையை அடைத்த ஜெல்லி பால்ஸ், கல் உப்பு கைகொடுத்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: மகள் குளிக்கும் டப்பில் விளையாடப் போட்ட ஜெல்லி பால்ஸ், அதாவது தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் மணிகள், டப்பைக் கவிழ்த்ததும் குளியலறை ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொண்டன. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன், பயனில்லை. கல் உப்பு யோசனைதான் வேலை செய்தது. இரண்டு கிலோ கொட்டி இரவு முழுக்க விட்டேன். மணிக்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. கோலிக்குண்டு அளவில் இருந்தவை காலையில் பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருந்தன. அங்கேதான் தப்பு செய்தேன். நல்ல தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடப் பார்த்தேன், மறுபடி ஊதிவிட்டன! திரும்ப உப்புப் போட்டு, சுருங்கியதும் கரண்டியால் அள்ளிக் குப்பையில் போட்டேன். தயவுசெய்து தண்ணீர் விட்டுத் தள்ளாதீர்கள்.

டப்பில் மிஞ்சியதை வெயிலில் காயவைக்கச் சொன்னீர்கள். கோத்தகிரி மூடுபனியில் ஐந்து நாளாகியும் காயவில்லை.

எதிர்பாராதது ஒன்று. தவழும் என் சின்னவன் பக்கத்தில், கட்டிலடியில், மிளகு அளவில் காய்ந்த மணி ஒன்று கிடந்தது. டாக்டரிடம் கேட்டேன். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளுமாம், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாதாம். அதனால் சந்தேகம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன பொருள் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் 2023 கடைசியில் பெரிய கடைகளே இதைக் குழந்தைகளுக்கு விற்பதை நிறுத்தின. எங்கள் வீட்டில் இருந்த பாக்கெட்டையும் எறிந்துவிட்டேன். இப்போது டப்பில் பிளாஸ்டிக் கிண்ணமும் வடிகட்டியும்தான், மகளுக்கு அதுவே போதும்.