பெயிண்ட் அடிச்ச கார்பன் ஃபைபர் பேனல் வெயில் தாங்குமா?

இரும்புக்குதிரை:
கார்பன் பானட் வாங்கி பாடி கலர் அடிச்சு மாட்டுறாங்க, நல்லா வெயில் பட்டதும் உள்ள இருக்கிற கார்பன் நார் நெசவு அப்படியே பெயிண்ட் மேல வரிவரியா தெரியுது. யூவி, அதான் வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர், அதைத் தாங்காத பொருளுக்கு எதுக்கு இவ்ளோ காசு?

ரெசின்ராசா:
யூவி மேல பழி போடாதீங்க ப்ரோ. கார்பன் நாரை யூவி ஒண்ணும் பண்ணாது, அடி வாங்குறது நாரை ஒட்டிப் பிடிக்கிற எபாக்ஸி ரெசின், அதுவும் நெசவு தெரியட்டும்னு வெறும் கிளியர் கோட்டோட (நிறமில்லாத பூச்சு) விட்ட பீஸ்தான் மஞ்சளாகி வெளுக்கும். கலர் பெயிண்ட்ல இருக்கிற நிறமி வெளிச்சத்தை கீழ விடாது. நீங்க பாத்தது சூட்டோட வேலை. ரூம் டெம்பரேச்சர்ல செட் ஆன எபாக்ஸி 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிடும், கருப்பு பேனல் வெயில்ல 70க்கு மேலயே போகும், அப்ப பாக்கி இருந்த க்யூரும் (ரெசின் இறுகி கெட்டியாகுறது) நடந்து ரெசின் சுருங்குது, நார் சுருங்காது, அதான் அந்த வரி.

இரும்புக்குதிரை:
யூவியோ சூடோ, ரெண்டும் வெயில்தானே 😄 ஸ்டீல் இப்படி பண்ணுமா?

ரெசின்ராசா:
ஸ்டீல்ல கல் அடிச்சு பெயிண்ட் போனா துரு, அதை மறந்துட்டீங்க. 2006 கார்வெட் இசட்06 கார்ல ஃப்ரண்ட் ஃபெண்டரே கார்பன், பாடி கலர்லதான் வந்துச்சு. ஒழுங்கா ஓவன்ல க்யூர் பண்ணினா இந்த பிரச்சனை ரொம்பவே குறையும்.

தூரிகை:
ராசா தம்பி, க்யூர் மட்டும் போதாது. பெயிண்ட் அடிக்கிறவன் கிட்ட கேளுங்க. பேனல்ல கண்ணுக்கே தெரியாத ஊசி ஓட்டை இருக்கும், அதை அடைக்காம அடிச்சா உள்ள மாட்டின காத்து பெயிண்ட் பூத் சூட்டுல வெளிய வந்து குமிழ் விடும். பேனல் ஒட்டிக்காம இருக்க மோல்டுல தடவின வேக்ஸ் பேனல்ல ஒட்டியிருக்கும், அதை சரியா துடைக்கலைன்னா பெயிண்ட் பாளம் பாளமா உரியும். இதுல பாதி பழி வெயில் மேல வீணா விழுது.

இரும்புக்குதிரை:
அண்ணே, அலுமினியம் ரிவெட்டையும் சேத்துக்கோங்க. கார்பன் கரண்ட் கடத்தும், உப்புத்தண்ணி பட்டா அலுமினியத்தை அரிச்சு ஓரத்துல பெயிண்டை தூக்கிடும்.

ரெசின்ராசா:
கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல ஒரு லேயர் கண்ணாடி நார் வச்சா முடிஞ்சது, இல்லன்னா டைட்டானியம் போல்ட் போடுங்க. பெயிண்ட் கம்பெனிக்காரங்க மாசக்கணக்குல வெயில் மாதிரி செனான் லைட் போட்டு, தண்ணி தெளிச்சு டெஸ்ட் பண்ணித்தான் விக்கிறாங்க.

இரும்புக்குதிரை:
அந்த டெஸ்ட் பெயிண்டுக்கு. இரும்புத் தகட்டு மேல அடிச்சு எடுத்த ரிசல்ட்டை கார்பனுக்கு காட்டாதீங்க, தகட்டுல நெசவு எங்கருந்து வரும்?

தூரிகை:
அது சரியான கேள்வி.

ரெசின்ராசா:
ஒத்துக்குறேன், பேனலோட சேத்துதான் டெஸ்ட் பண்ணணும். ஆனா வாங்கும்போதே எத்தனை டிகிரில க்யூர் பண்ணீங்கன்னு கேட்டுட்டா பாதி சண்டை குறையும்.

இரும்புக்குதிரை:
கேட்டா "ஒரிஜினல் கார்பன் சார்"ன்றதுதான் பதிலா வருது. டிகிரியை எழுதிக் குடுக்கிறவன் இருந்தா சொல்லுங்க, வாங்குறேன்.

தூரிகை:
அதுவரைக்கும் வெள்ளை கலர் அடிங்க, சூடாவது குறையும்.