டல்லாஸ் பக்கம் கரிசல் மண்ணு, பெர்முடா லான்: எந்த மாசம் எந்த உரம்? கோரைக்கு என்ன பண்றது?

கரிசக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். மெக்கின்னில வீடு வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, முன்னாடி பின்னாடி சேத்து ஒரு 4000 சதுர அடி பெர்முடா புல்லு லான் இருக்கும். மண்ணு அசல் எங்க கோவில்பட்டி கரிசலேதான், மழை பேஞ்சா செருப்பைப் பிடுங்கிக்கும், ஆகஸ்ட்ல வெடிச்ச வெடிப்புல என் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ள போச்சு. போன வருஷம் மார்ச் ஆரம்பத்துல உரமும் களைக்கொல்லியும் ஒண்ணா கலந்த மூட்டை ஒண்ணு வாங்கிப் போட்டேன். புல்லு அப்ப குளிர்காலத் தூக்கத்துலேர்ந்து இன்னும் முழிக்கவே இல்ல, உரத்தை எல்லாம் களைதான் தின்னு கொழுத்துச்சு. மே மாசம் பாத்தா ஓரமெல்லாம் கோரை, ஜூலைல புல்லு மஞ்சளாச்சு, சரி உரம் பத்தலபோலன்னு இன்னொரு மூட்டை போட்டேன், அப்பவும் மஞ்சள்தான், எச்ஓஏ (குடியிருப்பு சங்கம்) லெட்டர் வந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் ஜிப்சம் போடு மண்ணு இளகிரும்ங்கறார். இன்னைக்கு பிப்ரவரி 10, இந்த வருஷமாவது ஒழுங்கா பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்க?

பிளேனோ அண்ணாச்சி:
தம்பி, முதல்ல அந்த கலவை மூட்டையை விடுங்க. களை முளைக்காம தடுக்கற நேரம் வேற, புல்லுக்கு சோறு போடற நேரம் வேற, ரெண்டுக்கும் நடுவுல இங்க டல்லாஸ்ல ஒன்றரை மாசம் இருக்கு. அதுலயும் அட்ரசின்ங்கற களைக்கொல்லி போட்ட மூட்டை செயின்ட் அகஸ்டின் புல்லுக்கானது, பச்சையா நிக்கற பெர்முடாவைக் கருக்கிரும், பையோட பின்பக்கத்தைப் படிச்சிட்டு வாங்குங்க.
இப்ப செய்ய வேண்டியது ப்ரீ எமர்ஜென்ட், அதாவது களை விதை முளைக்காம தடுக்கற மருந்து மட்டும்தான். மண்ணோட சூடு 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு நாலஞ்சு நாள் நின்னா கிராப்கிராஸ்ங்கற களைப்புல்லு முளைக்க ஆரம்பிச்சிரும், இங்க அது பிப்ரவரி கடைசி, மார்ச் ஆரம்பம். அதுக்கு முன்னாடி ப்ரோடியமைன்ங்கற ப்ரீ எமர்ஜென்ட்டைப் போட்டு அரை இஞ்ச் தண்ணி விட்ருங்க, தண்ணி விடலைன்னா மேலயே கெடக்கும், காசு வேஸ்ட். செப்டம்பர் நடுவுல இன்னொரு தடவை, அது குளிர்கால களைக்கு.
உரம் ஏப்ரல் பாதிக்கு மேலதான். புல்லு முழுசா பச்சையாகி ரெண்டு தடவை வெட்டுன பிறகு 1000 சதுர அடிக்கு 1 பவுண்டு நைட்ரஜன் கணக்கு. 21-0-0 (வரிசையா நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் சதவீதம்) அமோனியம் சல்பேட்னா 1000 அடிக்கு 4¾ பவுண்டு, உங்க லானுக்கு 19 பவுண்டு, 50 பவுண்டு மூட்டைல பாதிகூட ஆகாது. களிமண்ணு சத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அள்ளிக் கொட்ட வேண்டாம். கடைசி உரம் செப்டம்பரோட நிறுத்திருங்க.
ஒண்ணு சொல்லட்டா, இந்த பெர்முடா வேற எதுவும் இல்ல, நம்ம அருகம்புல்லுதான். ஊர்ல பருத்திக்காட்டுல இதைப் பிடுங்க கூலி குடுத்தோம், இங்க இதை வளக்க கூலி குடுக்கோம் 😄

செடிப் பைத்தியம்:
மஞ்சளுக்கு நான் சொல்றேன், எனக்கும் அதே கதை. ஒரு கைப்பிடி காஞ்ச மண்ணு எடுத்து அதுமேல வினிகர் ஊத்திப் பாருங்க, நுரை பொங்குச்சுன்னா சுண்ணாம்பு நெறைய இருக்குன்னு அர்த்தம். என் வீட்டு மண்ணு பிஎச் 8, அதாவது காரமான மண்ணு, அதுல இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாது, புது இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா வரும். நைட்ரஜன் எவ்ளோ போட்டாலும் அது மாறாது. ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு வாங்குங்க, விலை ஜாஸ்திதான் ஆனா இந்த பிஎச்ல நிக்கறது அதுதான். ஃபெர்ரஸ் சல்பேட்டை இலைமேல அடிச்சாலும் ஒரு ரெண்டு மூணு வாரம் பச்சை காட்டும், ஆனா டிரைவ்வேல ஒரு சொட்டு விழக்கூடாது, எங்க வீட்டு வாசல்ல ஆரஞ்சு கறை இன்னும் போகல, கோலம் போட்ட மாதிரி நிக்குது.
ஜிப்சம் வேண்டவே வேண்டாம். அது சோடியம் ஏறுன மண்ணுக்கு. நம்ம மண்ணுல ஏற்கனவே கால்சியம் கொட்டிக் கெடக்கு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப் லேபுக்கு மண்ணு அனுப்பி டெஸ்ட் பண்ணிருங்க, எனக்கு பாஸ்பரஸ் ரொம்ப ஜாஸ்தின்னு வந்துச்சு, அன்னையோட நடு நம்பர் ஜீரோ இல்லாத மூட்டையைத் தொடறதில்ல.

ஆர்கானிக் ஆளு:
அண்ணாச்சி சொன்னதுல ஒரு இடம் ஒத்துக்க மாட்டேன். லான்ல சொட்டை சொட்டையா இருந்தா ப்ரீ எமர்ஜென்ட் போட யோசிங்க, பெர்முடா ஓடி ஓடி புதுசா வேர் பிடிக்கறதையும் அது தடுக்கும். சொட்டை இருக்கற இடத்தை விட்டுட்டுப் போடலாம். மே மாசம் மண்ணு ஈரப்பதமா இருக்கப்ப, சேறா இல்ல, கோர் ஏரேஷன் (மண்ணைச் சின்னச் சின்ன உருளையா எடுத்து ஓட்டை போடறது) பண்ணி கால் இஞ்ச் கம்போஸ்ட் இழுத்து விடுங்க. ரெண்டு மூணு வருஷம் விடாம செஞ்சாதான் மண்ணு இளகும், மூட்டைல அதுக்கு மருந்து இல்ல.

பிளேனோ அண்ணாச்சி:
சொட்டை மேட்டர் கரெக்ட், விட்டுப்போச்சு.
கோரையைப் பத்தி கேட்டீங்களே. ப்ரோடியமைன் அதைத் தொடாது. கையால பிடுங்காதீங்க, கிழங்கு உள்ளயே நின்னு ஒண்ணுக்கு மூணா வரும், ஊர்லயே பாத்திருப்பீங்க. தண்டை விரல்ல உருட்டுங்க, மூணு பட்டையா இருந்தா அதேதான். மே மாசம் நாலஞ்சு இலை விட்டதும் ஹாலோசல்ஃப்யூரான்ங்கற கோரைக்கொல்லி அடிங்க, முன்னாடி ரெண்டு நாள் பின்னாடி ரெண்டு நாள் புல்லு வெட்டாதீங்க, ஆறேழு வாரம் கழிச்சு திரும்ப ஒரு தடவை. எங்க கோரை அடர்த்தியா இருக்கோ அங்க தண்ணி நிக்குதுன்னு அர்த்தம், அதை முதல்ல பாருங்க. ஸ்ப்ரிங்க்ளரை ஒரே மூச்சுல 20 நிமிஷம் ஓட்டாம, 6 நிமிஷம் விட்டு ஒரு மணி நேரம் நிறுத்தி, அப்படி மூணு தடவை விடுங்க, இந்த மண்ணு மெதுவாத்தான் குடிக்கும்.

கரிசக்காட்டான்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். வினிகர் ஊத்துனேன், சோடா மாதிரி பொங்குச்சு, ஜிப்சம் கேன்சல். அண்ணாச்சி சொன்னாரேன்னு கோரை இருந்த மூலைல ஸ்ப்ரிங்க்ளரைப் போட்டுப் பாத்தேன், ஒரு ஹெட் விரிசல் விட்டு எல்லாம் நின்ன பிறகும் தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கு, ரெண்டு வருஷமா நானேதான் அதுக்குப் பாத்தி கட்டித் தண்ணி பாச்சிருக்கேன். சனிக்கிழமை மாத்தறேன்.