புதுப்பிப்பு: பழைய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிக்குக் கிங்பின் புஷ் கிடைத்தது

டாடாவும் டெய்ம்லர் பென்ஸும் 1969-இல் பிரிவதற்கு முன் வந்த வண்டி. முன் ஆக்சிலுக்குக் கிங்பின் புஷ் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னைத் தாங்கும் உலோகக் குழல்) எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பார்த்த எதுவும் அளவு சேரவில்லை. கோவை நண்பர் சொன்னதுதான் பலித்தது: கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) ராடை லேத்தில் கடைந்து, உள்விட்டத்தைச் சற்றுக் குறைவாக விட்டு, பிரஸ்ஸில் ஏற்றிய பிறகு ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போடுவது. ஏற்றும்போது புஷ் இறுகும். முன்பே சரியளவு கடைந்தால் கிங்பின் நுழையாது. மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் நீளமான ஒரே ரீமரால் ஓட்டினால்தான் நேர்கோடு வரும். புஷ்ஷின் கிரீஸ் ஓட்டை, கிரீஸ் அடிக்கும் நிப்பிளுக்கு நேராக இருக்கட்டும், இது ரொம்ப முக்கியம்.

எதிர்பாராதது ஒன்று: இடது ஸ்டப் ஆக்சிலின் (கிங்பின்னில் திரும்பும், சக்கரம் மாட்டும் பாகம்) துளை வலதைவிடப் பெரிது, யாரோ முன்பே போரிங் போட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் தனித்தனியே அளந்து கடையக் கொடுங்கள். இப்போது சக்கரத்தில் ஆட்டம் இல்லை, ஸ்டீயரிங்கும் லேசாகத் திரும்புகிறது.