அம்மாயி என்றால் பாட்டியா, அத்தையா?

வணக்கம் உறவுகளே. பேரனுக்காகக் குடும்ப மரம் வரைகிறேன், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

நாங்கள் கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வீட்டில் தமிழ்தான். அம்மாவைப் பெற்றவளை 'அம்மாயி' என்போம்; பொள்ளாச்சிச் சொந்தங்களும் அப்படியே. திருச்சூரிலிருந்து வந்த மருமகளுக்கோ அம்மாயி என்றால் அத்தை. மாமியார்கூட மலையாளத்தில் 'அம்மாயியம்ம'தானே! தெலுங்கில் கேட்டால் அது சின்னப் பெண்ணாம். எங்கள் கிழவி இருந்திருந்தால் அந்த அர்த்தத்தைத்தான் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அம்மா + ஆயி என்று பிரித்தால் எங்கள் பொருள் சரியாக வருகிறது. ஆய் என்றாலும் தாய்தான். அப்பாவின் ஆத்தா அப்பத்தா ஆனது போல. ஆனால் அத்தைக்கு இது ஒட்டவில்லை. மலையாளத்தில் அம்மாவனின் (நம் பழைய 'அம்மான்', தாய்மாமன்) மனைவியும் அம்மாயி. அந்த வழியில் வந்த வேறு சொல்லாக இருக்குமோ?

குமுளி, செங்கோட்டை, சித்தூர் (ஆந்திரச் சித்தூர், எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் இல்லை) ஆட்கள் யாரை அம்மாயி என்கிறீர்கள்? ஊர்ப்பேரோடு சொல்லுங்கள். வேர்ச்சொல் அகராதி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் ரொம்ப உபகாரம்.