ஷாஃப்ட்ஸ்பரி மடத்து நிலங்களை உண்மையில் ஆண்டது யார்?

களத்துமேடு:
"கிளாஸ்டன்பரி மடாதிபதியும் ஷாஃப்ட்ஸ்பரி மடத்தலைவியும் கல்யாணம் கட்டிக்கொண்டால், பிறக்கும் வாரிசுக்கு ராஜாவைவிட நிலம் அதிகம்" என்று இங்கிலாந்தில் ஒரு சொலவடை உண்டு. இதை வைத்துக்கொண்டு டார்செட் மாவட்டத்து ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்துப் பெண்கள் ஏதோ கோலோச்சினார்கள் என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. 888 வாக்கில் அரசர் ஆல்ஃபிரட் மடத்தை நிறுவி, மகள் ஏதல்கிஃபுவையே முதல் தலைவியாக உட்கார வைத்தார். அதிலிருந்து அரண்மனையின் கை எடுபடவே இல்லை. தலைவி இறந்தால் அரச அதிகாரி வந்து நிலங்களைப் பொறுப்பெடுப்பார். புதியவர் தேர்வாகி அரசருக்குப் பிரமாணம் செய்யும்வரை வரும்படி கஜானாவுக்கு. வயலைப் பார்த்தவர்கள் ஆண் காரியஸ்தர்கள். தலைவி முத்திரை குத்த மட்டும்தான்.

ஏட்டுப்புழு:
அந்த முத்திரையின் வலிமையைத்தான் நீங்கள் குறைத்து எடைபோடுகிறீர்கள். அரசர் வில்லியம் 1086-இல் எடுத்த நிலக்கணக்கெடுப்பான டூம்ஸ்டே பதிவேட்டில் டார்செட் பகுதியைப் பாருங்கள். மடத்து ஊர்களான செசல்போர்ன், ஸ்டவர் இரண்டையும், வில்லியமிடம் பின்னால் நாட்டை இழந்த ஹெரால்ட் பிடுங்கிக்கொண்டார். வில்லியம் அவற்றைத் திருப்பிக் கொடுத்ததற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது: நிலத்தை மடத்துக்கே கொடு என்று ஹெரால்டுக்கு முன் ஆண்ட எட்வர்ட் அரசர் முத்திரையிட்ட ஆணை மடத்துக் கோயிலிலேயே கிடைத்தது. 1066-இல் வில்லியம் படையெடுத்து நாடு கைமாறிய கலவரத்திலும் அந்த ஓலையைப் பத்திரமாக வைத்திருந்தது யார், காரியஸ்தரா? கிங்ஸ்டனில் கோட்டை கட்ட வில்லியம் ஒரு ஹைடு (அக்கால நில அளவு) நிலம் எடுத்தபோதும் சும்மா எடுக்க முடியவில்லை. பதிலுக்கு கில்லிங்ஹாம் தேவாலயத்தைக் கொடுத்தார்.

மடத்தலைவி அரசரிடம் நேரடியாக நிலம் வைத்திருந்த பிரபு. படைக்கு 7 வீரர்களைத் தரும் கடமை அவர் தலையில் இருந்தது. 1257, 1277 வேல்ஸ் போர்களுக்கு அழைப்பாணை தலைவியின் பெயருக்கே போனது.

களத்துமேடு:
அதே ஆணையில் மெல்கம் என்ற ஊரும் இருந்ததே? அதை "இன்னும் அரசர் வைத்திருக்கிறார்" என்றும் அதே பதிவேடு சொல்கிறது. முழுக் கதையையும் சொல்லுங்கள். 7 வீரர்கள் என்றால், அவர்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படிப் போன நிலம் இரண்டு தலைமுறையில் வீரன் வீட்டுச் சொத்தாகிவிடும்; மடத்துக்கு மிஞ்சுவது பேருக்கு ஒரு கடமை. பெருமைப்பட என்ன இருக்கிறது?

மரக்கால்:
இருவரும் மேல்மட்டத்திலேயே நிற்கிறீர்கள். ஆட்சியை அளக்க வேண்டிய இடம் களஞ்சியம். 12ஆம் நூற்றாண்டில் பெரிய மடங்கள் ஊர்களை நிலைக்குத்தகைக்கு விட்டிருந்தன. 1200 வாக்கில் விலைவாசி ஏறியபோது குத்தகைப் பணம் அப்படியே நின்றது, லாபம் குத்தகைக்காரருக்கு. அதனால்தான் சொந்தச் சாகுபடிக்குத் திரும்பினார்கள். ஷாஃப்ட்ஸ்பரிக்கு சுமார் 1130-லும் 1170களிலும் எடுத்த இரண்டு நிலக்கணக்குகள் உள்ளன: குடியானவர் பெயர், நிலம், தர வேண்டிய குத்தகை, செய்ய வேண்டிய ஊழியம் எல்லாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் சொந்தச் சாகுபடி ஒரு பருவம்கூட ஓடாது, ஆள் வராது.

இனி ஏவன் ஆற்றங்கரை பிராட்ஃபோர்டுக்கு வாருங்கள். 1001-இல் அரசர் ஏதல்ரெட் கொடுத்த ஊர், 42 ஹைடு. அங்கே 14ஆம் நூற்றாண்டில் மடம் எழுப்பிய கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நீளவாக்கில் 14 பிரிவு, நீளம் சுமார் 51 மீட்டர். எல்லோரும் தசமபாகக் (தேவாலயத்துக்குத் தரும் பத்தில் ஒரு பங்கு) களஞ்சியம் என்கிறார்கள்; மடத்தின் சொந்தப் பண்ணை விளைச்சலும் அதற்குள்தான் போனது. கதிரை அடிக்காமல் கட்டாகவே அடுக்குவார்கள், குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பார்கள். எதிரெதிர் வாசல் வைத்தது வண்டி ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் போகவும், கதவுகளைத் திறந்து காற்றில் தூற்றவும். ஈரக் கதிரை அடுக்கினால் சூடேறி முளைவிடும், பூஞ்சை பிடிக்கும். கூரை ஒழுகினால் வருஷ வரும்படி போச்சு.

கணக்கு செப்டம்பர் 29-இல் முடியும். ஊர் மணியக்காரர் தோல்சுருளின் முன்பக்கம் பணவரவு செலவு, பின்பக்கம் தானியமும் ஆடுமாடும் காட்டுவார். அக்காலத்து வேளாண் கையேடு ஒன்று விதைக்கு ஐந்து மடங்கு கோதுமை, நான்கு மடங்கு ஓட்ஸ் வரவேண்டும் என்கிறது. நடப்பில் பல ஊர்களில் அவ்வளவு வராது. தணிக்கைக்காரர் குறைவை மணியக்காரர் தலையில் எழுதுவார், அவர் மழை மேல் பழி போடுவார். இந்த இழுபறியில் தலைவிக்கு ஆள் திறமை வேண்டும், ஆண் பெண் கணக்கு இல்லை.

களத்துமேடு:
சரி, களஞ்சியத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகு ஊழியத்துக்கு ஆள் கிடைக்காமல் பெரிய மடங்கள் மறுபடி குத்தகைக்குத்தானே போயின? ஒரு 150 வருஷச் சாகுபடியை வைத்து 650 வருஷத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அதோடு 1218-இல் 100 பேருக்கு மேல் சேர்க்காதே, தாங்காது என்று போப் மூன்றாம் ஹொனோரியுஸ் தடைபோட வேண்டியிருந்தது. செழிப்பு என்று சொல்வதற்கு இதுவா அடையாளம்?

ஏட்டுப்புழு:
குத்தகைக்கு விடுவதும் நிர்வாகம்தான் சார். அரசர் 1535-இல் எடுத்த தேவாலயச் சொத்து மதிப்பீட்டில் மொத்த வரும்படி 1,329 பவுன், கழிவு போக 1,166. பெண் மடங்களில் லண்டன் அருகே இருந்த சயன் மடத்தின் 1,731-க்கு அடுத்த இடம். அந்தக் "கழிவு போக" என்பதை லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது: காரியஸ்தர், தணிக்கைக்காரர் சம்பளம், கட்டாயத் தர்மம் போன்றவற்றைத்தான் கழித்தார்கள், மடத்தின் சாப்பாட்டுச் செலவு அந்த 1,166-க்குள் இருக்கிறது. உங்கள் சொலவடையும் கணக்கில் நிற்காது. கிளாஸ்டன்பரிக்கு 3,311 பவுன். இரண்டையும் கூட்டினால் 4,500-ஐத் தொடவில்லை. அரச நிலங்களின் வரும்படியோ பல பத்தாயிரம்.

களத்துமேடு:
முடிவையும் சொல்லிவிடுங்கள். எட்டாம் ஹென்றி அரசர் மடங்களை மூடிக்கொண்டிருந்த காலம். 1538 டிசம்பரில் மடத்தை விட்டுவைக்கச் சொல்லி அரசருக்கு 500 மார்க் (ஒரு மார்க் என்பது பவுனில் மூன்றில் இரண்டு பங்கு), அவர் அமைச்சர் தாமஸ் கிராம்வெலுக்கு 100 பவுன் தருவதாகத் தலைவி சார்பில் எழுதியவர் சர் தாமஸ் அரண்டெல். பலிக்கவில்லை. 1539 மார்ச் 23-இல் கடைசித் தலைவி எலிசபெத் சூச் மடத்தை ஒப்படைத்தார், ஆண்டுக்கு 133 பவுன் ஓய்வூதியம். பிறகு மடத்து நிலத்தில் பெரும்பங்கை வாங்கியவர் யார் தெரியுமா? அதே அரண்டெல்.

மரக்கால்:
அவர் தலையும் 1552-இல் போனது. நிலம் யாரிடம் போனது என்பதை வைத்து, அதற்கு முன் யார் ஆண்டார் என்று நிரூபிக்க முடியாது. மணியக்காரர் கணக்கு ஏதாவது உங்கள் பக்கம் இருந்தால் எடுத்துப் போடுங்கள், பேசலாம்.